ராமேஸ்வரம் ஒரு தீவு

அனந்தபுரத்திலிருந்தும் செஞ்சி வட்டாரத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் ராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு,

ராமேஸ்வரம் ஒரு தீவு. பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஏறும் நேரத்தில் நீங்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பதால் இது உங்கள் கண்ணில் படுவதில்லை. அனந்தபுரத்தில் மாலையில் புறப்படும் வேன் விழுப்புரம், திருச்சி வழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி, விடிவதற்குள் தீவுக்குள் நுழைந்துவிடுகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, தர்ப்பணம், கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ஈரத்துணி மாற்றித் தரிசனம், மதியச் சாப்பாடு, அரிச்சல்முனையில் நாலு படம், கடைவீதியில் சங்கும் சோழியும், மறுபடி வேன். இருட்டியபின் பாலத்தைத் திரும்பக் கடக்கிறீர்கள். ஒரே பகலில் முடிந்துபோகும் இந்தப் பயணத்தில் உங்களுக்குத் தெரிவது ஒரு கோயிலும் ஒரு முனையும்தான். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தீவு தெரிவதில்லை. தெரியாத ஒன்றின் மேல் யாருக்கும் அக்கறை வராது. அந்தத் தீவுக்கு உங்களால் நேரும் சேதத்தில் பெரும்பகுதி இந்தத் தெரியாமையிலிருந்து பிறக்கிறது. எனவே அந்த மண், அந்த நீர், அந்த உயிர்கள், அந்த மனிதர்களைப் பற்றி உங்களிடம் நேரே சொல்லவேண்டியிருக்கிறது.

மண்ணிலிருந்து தொடங்கலாம். செஞ்சிக்காரர்களுக்குக் கல் புதிதன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைப் பாறைகள் அடுக்கி நிற்கும் நாடு இது. ராமேஸ்வரம் தீவில் அப்படி ஒரு பாறை கிடையாது. பழைய பவளத்திட்டுகளின் மேலும் சுண்ணாம்புப் பாறையின் மேலும் அலையும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணல்தான் அந்த நிலம். தீவின் உயரமான இடம் என்று எல்லோரும் ஏறிப் பார்க்கும் கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடு. கிழக்கே தனுஷ்கோடியை நோக்கி நீளும் வால் முழுக்க மணல். ஆண்டுக்கு ஆண்டு அதன் ஓரம் மாறுகிறது. அரிச்சல்முனைக்கு அப்பால் அதே மணல் திட்டுத் திட்டாகக் கடலுக்குள் இறங்கி, ராமர் சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் வரிசையாகத் தலைமன்னார் வரை போகிறது. இடைவெளி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அனந்தபுரத்திலிருந்து திண்டிவனம் போய்வரும் தூரத்தைவிடக் குறைவு.

அந்த மணல் நாக்கின் இரு பக்கமும் இரு வேறு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆழமானது, அலை அடிப்பது. வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைந்தது, குளம்போல் கிடப்பது. தனுஷ்கோடி மீனவர்கள் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் வடக்குப் பக்கத்தின் முறை வரும். எந்தப் பக்கம் வள்ளம் இறக்கலாம் என்பதை அவர்களுக்குக் காற்றுதான் சொல்கிறது. அரிச்சல்முனையில் இறங்கிப் பத்து நிமிடத்தில் வண்டியேறும் உங்களுக்கு இரண்டு கடல்களையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தோம் என்ற நினைவே இருப்பதில்லை. அங்கே நீரோட்டம் சுழித்துக்கொண்டு ஓடும். படத்துக்காக இடுப்பளவு நீரில் இறங்குவது உயிருக்கு ஆபத்து.

அடுத்தது நீர். அதைப்பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் அங்கே போவதே தீர்த்தமாடத்தான். நாற்புறமும் உப்புக்கடல் சூழ்ந்த இடத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயில் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுவதைத் தெய்வச் செயலாகக் கருதி வணங்குகிறீர்கள். அந்த நீர் அங்கே நிற்கும் விதம் தெரிந்தால் உங்கள் வணக்கம் இன்னும் கூடும். தீவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் கடல்நீர் பரவியிருக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் மழைநீர் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுநாளாக அறிந்த கணக்கு. கணக்கு மறுபக்கமும் அப்படியே வேலை செய்யும். மேலே ஓர் அடி நீர் குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. தனுஷ்கோடி மணலில் மீனவப் பெண்கள் கையால் குழி தோண்டிக் குடிநீர் எடுப்பதும், தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள் இருக்கும் வில்லூண்டி தீர்த்தத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதும் இந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தின் புண்ணியத்தால்தான்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்திறங்கும் கூட்டம் குளிக்கவும் துவைக்கவும் இதே நீர்தான் இறைக்கப்படுகிறது. உங்கள் ஊர் ஏரி வற்றினால் அடுத்த மழையில் நிரம்பிவிடும். தீவின் கிணறு உப்பேறினால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை அது உப்பாகவே இருக்கலாம். தீர்த்தமாடியபின் விடுதிக் குழாயடியில் மறுபடி மூன்று வாளி ஊற்றிக் குளிக்காதிருப்பதும், ஈரத்துணியை அங்கே அலசாமல் பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவருவதும் சின்னக் காரியங்கள். வேனுக்கு 20 பேர், நாளுக்கு நூற்றுக்கணக்கான வேன்கள் என்று பெருக்கிப் பார்த்தால் அவற்றின் அளவு புரியும்.

பாலங்களையும் புயலையும் சொல்லாமல் இந்தத் தீவைச் சொல்ல முடியாது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம்; கப்பல் வரும்போது நடுப்பகுதி இரு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. நூறாண்டுக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்கப்படும். 1988இல் சாலைப் பாலம் வரும்வரை ரயிலும் படகுமே தீவுக்கு வழி. இந்த வரலாற்றில் உங்கள் மாவட்டத்துக்கும் பங்குண்டு. சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடி போன போட் மெயிலில் ஏறியவர்கள் அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் கடந்து, கொழும்பு ரயிலைப் பிடித்தார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர் மண்டபம் முகாமில் காத்திருந்து, இந்தத் தீவைத் தாண்டித்தான் போனார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அந்த வழி அறுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைப் புயலலை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊர் முழுக்க நீரில் போயிற்று. பின்னர் மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. இன்று நீங்கள் படமெடுக்கும் மாதா கோயில் சுவர், ரயில் நிலையத்தின் எச்சம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த இரவில் செத்த ஒரு ஊரின் மிச்சங்கள். சாலையே இல்லாதபோது மணலில் ஜீப் பிடித்துப் போனவர்கள் குறைவு. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டபின் யார் வேண்டுமானாலும் காரிலேயே போய் இறங்கலாம் என்றாயிற்று. அந்தச் சுவர்கள் மேல் ஏறி நின்று குதிப்பதும், பவளக்கல்லில் கட்டிய சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக்கொள்வதும், பெயர் கிறுக்குவதும் அதற்குப் பிறகு பெருகின. சொந்த ஊர் இடுகாட்டில் நீங்கள் நடக்கும் பதவிசோடு அங்கே நடக்க வேண்டும். அந்த மணலில் இன்றும் குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலருக்கு அந்த இரவு சொந்தக் குடும்பத்தின் கதை.

உயிரினங்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் இவ்வளவு வளமான கடல்கள் மிகக் குறைவு. பாம்பனுக்குத் தெற்கே தொடங்கித் தூத்துக்குடி வரை வரிசையாக 21 குட்டித் தீவுகள் இருந்தன. குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முசல், நல்லதண்ணி என்று அவற்றுக்குப் பெயர்கள். 1986இல் அவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள், அவற்றை அடுத்துக் கடற்புல் வெளிகள், ஓரங்களில் அலையாத்திக் காடு. மூன்றும் சேர்ந்த இடம் என்பதால்தான் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மேலே ‘இருந்தன’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தீவின் முன்னால் அலையைத் தடுத்து நின்ற அரண் போனபின் மணல் நிற்க வழியில்லை.

பவளம் கல்லைப் போலத் தெரிந்தாலும் அது உயிர். நுண்ணிய உயிரிகள் கூட்டமாகக் கூடிச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. திரண்ட வகைப் பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. உங்கள் உள்ளங்கையளவு துண்டு ஒன்று பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ச்சியாக இருக்கலாம். 2010இலும் 2016இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன, பல இடங்களில் செத்தன. வெயிலைத் தடுக்க உங்களால் முடியாது. பவளத்தை விலை கொடுத்து வாங்குவதைத் தடுக்க முடியும்.

கடற்புல் வெளிகளை நம்பி வாழ்வது ஆவுளியா. கடல்பசு என்று புத்தகங்கள் சொல்லும் இந்தப் பாலூட்டி புல் மேய்ந்தே பிழைக்கிறது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். கர்ப்பகாலம் ஓராண்டுக்கு மேல், ஒரு பேற்றுக்கு ஒரு கன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள். இப்படிப்பட்ட பிராணி கொஞ்சம் குறைந்தாலும் மீண்டெழுவது கடினம். ஒருகாலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்ட இதற்கென 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. நாட்டின் முதல் கடல்பசு காப்பகம் அதுவே. நீங்கள் கடலில் விட்டுவரும் பாலித்தீன் பை எந்தக் கடற்புல்லின் மேல் போய்ப் படியும் என்பதை இனி யோசிக்கலாம்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய சதுப்புநீரைப் பார்த்திருப்பீர்கள். 1964 புயலில் சுற்றிலும் எல்லாம் போக, தப்பிநின்ற கோயில் அது. விபீஷணனுக்கு அங்கே பட்டம் கட்டினார்கள் என்பது தலபுராணம். அந்த நீரில் பூநாரைகள் வந்து நிற்கும். வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றுக்குள் விட்டு நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அவற்றின் இளஞ்சிவப்பு அந்த இரையிலிருந்துதான் வருகிறது. தனுஷ்கோடியில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு 2025 ஜூனில் அறிவித்தது. பறவை பறந்தால்தான் படம் நன்றாக வரும் என்று கைதட்டுகிறார்கள், ஹார்ன் அடிக்கிறார்கள், சேற்றில் இறங்கி ஓடுகிறார்கள். நெடுந்தொலைவு பறந்துவந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் தின்ற இரையைத் தொலைப்பதுதான். கரையில் அசையாமல் கால்மணி நேரம் நின்றால் அவை தாமாகவே பக்கத்தில் மேய்ந்து வரும்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் குழி பறித்து ஏறத்தாழ நூறு முட்டை இட்டுச் செல்கின்றன. வனத்துறை அவற்றைச் சேகரித்து வேலிக்குள் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அந்த மாதங்களில் இரவில் கடற்கரையில் வண்டி ஓட்டுவதும், விளக்குப் போட்டுக் கூத்தடிப்பதும் தாய் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும்.

இத்தனை உயிர்களோடும் சேர்த்துச் சொல்லவேண்டியவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற குப்பங்களிலிருந்து விடியலில் வள்ளத்தில் போய், சேலைமேல் ஆண்கள் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து வருகிறார்கள். செஞ்சி மளிகைக் கடையில் நீங்கள் கடற்பாசி என்று வாங்கும் வெள்ளை இழை மரிக்கொழுந்து போன்ற பாசிகளிலிருந்து எடுக்கப்படுவதுதான். தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின் அவர்கள் தாத்தா காலம் முதல் போய்வந்த இடங்களுக்கே போகத் தடை வந்தது. அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் தமக்குள் கூடிப் பேசி, மாதத்தில் சில நாட்களே பாசி எடுப்பது என்றும், மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் எடுப்பதேயில்லை என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கையால் மட்டுமே பறிப்பார்கள், உலோகக் கருவியால் சுரண்டமாட்டார்கள். சின்னப்பாலத்துப் பெண் ஒருவர் 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருதைப் பெற்றார். அன்றாடம் காய்ச்சிகளான பெண்கள் கடலுக்காக ஒன்றரை மாதக் கூலியை விட்டுக்கொடுக்கிறார்கள். ஒரு நாள் விருந்தாளியாகப் போகும் உங்களிடம் கேட்பது அதைவிட மிகக் குறைவு.

கேட்பது என்ன? முதலாவது, கடையிலிருந்து பவளம் வாங்கவே வேண்டாம். திட்டுக் கட்டும் பவள வகைகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அவற்றை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். குறைந்தது மூன்றாண்டு சிறை. பெருஞ்சிப்பி வகைகள், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. எது தடை, எது தடையில்லை என்று கடைவாசலில் நின்று பிரித்தறிய உங்களால் முடியாது. ஆகவே கடலிலிருந்து எடுத்த அலங்காரப் பொருள் எதையும் வாங்காதிருப்பதே சரியான வழி. ராமர் சேதுவின் கல் என்று தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டும் கல்லைக் கும்பிட்டுவிட்டு வரலாம், விலை கேட்க வேண்டாம். வீட்டுக்கு ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பனையோலைப் பெட்டி இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, கருவாடு இருக்கிறது. மூன்றுமே அந்த மண்ணின் பொருள்கள், மூன்றிலும் காசு உழைத்தவர் கைக்குப் போகும்.

இரண்டாவது, அக்னி தீர்த்தத்தில் உடுத்திய துணியைக் கழற்றி விட்டுவருவதை நிறுத்த வேண்டும். தோஷம் கழியும் என்ற நம்பிக்கையில் செய்கிறீர்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய இம்மடலுக்கு எண்ணமில்லை. முன்னோருக்குக் கொடுப்பது எள்ளும் நீரும் பிண்டமும். அவை கடலில் கரைந்துபோகும். உங்கள் தாத்தா விட்ட பருத்தி வேட்டியும் கொஞ்ச நாளில் மக்கியிருக்கும். நீங்கள் விடும் பாலியஸ்டர் சேலை மக்காது. நீருக்கடியில் சுருண்டு கிடந்து அடுத்து முழுகுபவரின் காலைச் சுற்றுகிறது, மீனவரின் வலையில் ஏறுகிறது, கடற்புல்லை மூடுகிறது. நாள்தோறும் துப்புரவுத் தொழிலாளர்கள் ஈரத்துணி மூட்டைகளைக் கடலிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் பித்ருக்களின் பெயரால் இன்னொரு மனிதர் அந்தச் சுமையை இழுக்க வேண்டியதில்லை.

தங்கள் ஊரை வெளியூர்க்காரர் பாழாக்கும் இந்த வலி உங்களுக்குப் புரியாததன்று. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவம் முடிந்த மறுநாள் காலை அந்த ஊர் எப்படிக் கிடக்கிறது என்பதைச் செஞ்சி வட்டாரத்தில் பார்க்காதவர் இல்லை. தேசிங்கு ராஜன் கதையைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு, செஞ்சிக் கோட்டைச் சுவரில் வெளியூர்க்காரர் காதலி பெயரைக் கீறிவைத்திருப்பதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது நீங்கள் மகிழ்ந்தீர்கள். இனிக் கூட்டம் பெருகுமே, கோட்டை என்ன பாடுபடுமோ என்றும் கவலைப்பட்டீர்கள். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த கோயிலில் 1,300 ஆண்டு கடந்து கொஞ்சமே மிஞ்சியிருக்கும் அம்மன் ஓவியத்தை யாராவது விரலால் தொட்டுப் பார்த்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? ராமேஸ்வரத்துக்காரர்களும் உங்களைப் போன்றவர்களே. அவர்கள் ஊரில் வெளியூர்க்காரர் நீங்கள்.

மூன்றாவது வேண்டுகோள்தான் எல்லாவற்றிலும் முக்கியம்: ஓர் இரவு தங்குங்கள். தீவின் பண்பாடு ஒரு பகலில் பிடிபடாது. கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். கருங்கல்லே இல்லாத தீவுக்கு அத்தனை கல்லையும் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து, 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பிராகாரத்தை முடித்தவர்கள் சேதுபதி மன்னர்கள். கல்லுக்கு நடுவே பிறந்த நீங்கள் அதன் அருமையை மற்றவர்களைவிட நன்றாக உணரமுடியும். தீர்த்த வரிசையில் நனைந்தபடி ஓடும்போது அதற்கு நேரமில்லை. சாயங்காலம் கூட்டம் குறைந்தபின் ஒரு கோடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் ஆலயத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே வருகிறார்கள். ஊருக்குள் ஆபில் காபில் தர்கா இருக்கிறது. அப்துல் கலாம் 1931இல் பிறந்தது இந்தத் தீவில். பேக்கரும்பில் அவர் நினைவிடம் இருக்கிறது. கோயிலும் மாதா கோயிலும் தர்காவும் ஒரே மணலில் ஒரே கிணற்று நீரைக் குடித்து வாழும் ஊர் அது.

ஓர் இரவு தங்கினால் மறுநாள் பகல் உங்கள் கையில் இருக்கும். பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம். திரும்பும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், தொண்டிக்கு முன்னால் காரங்காட்டில் மீனவ மக்களே வனத்துறையோடு சேர்ந்து நடத்தும் படகுப் பயணத்தில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். அந்தக் கட்டணம் கடலைக் காப்பவர்களின் பிழைப்பாகிறது. பிள்ளைகளை இந்த இரண்டு இடத்துக்கும் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். பாடப்புத்தகத்தில் பவளப்பாறையைப் படம் பார்த்துப் படிக்கும் பிள்ளை, தமிழ்நாட்டிலேயே அது இருப்பது தெரியாமல் பள்ளியை முடிப்பது வருந்தத்தக்கது.

இதற்கு நீங்கள் சொல்லும் தடைகள் தெரிந்தவையே. வேன் வாடகை நாள் கணக்கில் ஏறும். மல்லாட்டை பிடுங்கும் காலத்திலும் நடவுக் காலத்திலும் இரண்டு நாள் ஆள் இல்லாமல் முடியாது. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வயதானவர்களுக்கு வெளியூர்ப் படுக்கை ஒத்துவராது. எல்லாம் உண்மை. ஆனால் ஒரே பகலில் ஓடித் திரும்பும் பயணத்தில் இரண்டு இரவும் உட்கார்ந்தபடியே கழிகின்றன. ஓட்டுநர் இரண்டு இரவும் தூங்காமல் வண்டி ஓட்டுகிறார். வயதானவர்களுக்கு அதைவிடக் கடினமான பயணம் வேறில்லை. ரயிலும் இருக்கிறது: விழுப்புரத்தில் ஏறினால் புதுப் பாலத்தின் மேலாகவே ராமேஸ்வரத்தில் இறங்கலாம். மூன்று ஆண்டுக்கு மூன்று முறை ஓடிவிட்டு வருவதற்குப் பதில், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் தங்கிவந்தால் செலவும் குறையும், தீவின் சுமையும் குறையும்.

சுமை தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் பயணிகள் கூட்டத்தாலும் படகுகளாலும் பவளங்கள் அழிந்ததால் 2018இல் அதை மூடினார்கள்; 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். பசிபிக் தீவு நாடான பலாவுவில் 2017 முதல், வரும் ஒவ்வொருவரும் தீவைக் கெடுக்கமாட்டேன் என்று கடவுச்சீட்டில் பதிக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ராமேஸ்வரத்தை யாரும் மூடமுடியாது. கோடிக்கணக்கானவர்களின் பிதுர்க்கடன் அங்கே இருக்கிறது. பாம்பன் பாலத்தில் யாரும் கையெழுத்தும் கேட்கமாட்டார்கள். எனவே அந்த உறுதியைப் புறப்படும் ஊரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அனந்தபுரத்திலும் செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் வேன் ஏற்பாடு செய்பவர்களே, குழு சேர்க்கும் பெரியவர்களே, இந்தக் கடைசி வேண்டுகோள் உங்களுக்கு. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நீங்கள் அடிக்கும் நோட்டீஸில் புறப்படும் நேரமும் தலைக்கட்டணமும் இருக்கின்றன. அவற்றின் கீழே இன்னும் சில வரிகள் சேருங்கள். ஓர் இரவு தங்கல் உண்டு. மாற்றுத்துணியோடு ஈரத்துணிக்கு ஒரு பை கொண்டுவரவும். கடலில் துணி விடக்கூடாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பாலத்தின் மேல் வண்டி நிற்காது. கோதண்டராமர் கோயில் கரையில் கால்மணி நேரம் சத்தமின்றி நிற்போம். பவளமும் சிப்பியும் வாங்குபவருக்குத் திரும்பும் வண்டியில் இடமில்லை. குப்பைக்கு வண்டியிலேயே சாக்கு இருக்கும், அது அனந்தபுரம் வந்துதான் இறங்கும்.